குழியோரத்தில் பிடித்த கேட்ச்

சாமுவேலுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. செந்தூலில் உன் கூட்டாளிகளின் மெஸ்ஸில் மூன்று வேளையும் தின்றுகொண்டு நீ நன்றாகத்தான் இருப்பாய். நன்றாக இல்லாதது நான்தான். ஒரு பந்தும் ஒரு குழியும் சேர்ந்து என் வீட்டை இரண்டாகப் பிளந்துவிட்டன. நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் நீ குறுக்கே பேசுவாய், உன் அப்பா அதற்கும் குறுக்கே பேசுவார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி. படித்துவிட்டு அங்கே இருக்கிற உன் கூட்டாளிகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இருந்த வெட்கமெல்லாம் போன வாரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தபோதே போய்விட்டது.

அவர் எதற்கு வந்தார் தெரியுமா? உனக்கும் கிள்ளான் எஸ்தருக்கும் நிச்சயமாகி, சபையில் முதல் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அவர் கேட்டபோது பெஞ்சுகளில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. நீ கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாய். அதற்கடுத்து வந்த சனிக்கிழமைதான் அந்த ஆட்டம். ஆட்டம் முடிந்த கையோடு நீ அவரிடம் போய், இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். பெண்ணிடம் குறை இருக்கிறதா என்றால் இல்லை. அவள் வீட்டார் ஏதாவது மறைத்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பந்தைப் பிடிக்கும்போது பெண்ணின் அண்ணன் தானியேலின் கால் நம் குழிக்குள் பட்டதாம். அதை அவன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டால்தான் கல்யாணமாம். போதகர் ஐயா இதைச் சொல்லி முடித்ததும் எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல், குடித்து முடித்த கோப்பையிலேயே அவருக்கு மறுபடியும் காப்பி ஊற்றினேன்.

"ஓலையை நிறுத்தச் சொல்லி எத்தனையோ பேர் எங்கிட்ட வந்திருக்காங்கம்மா," என்றார் அவர். "ஊர்ல முதல் பெண்டாட்டி இருக்கான்னு வந்திருக்காங்க, மாப்பிள்ளை குடிகாரன்னு வந்திருக்காங்க. பந்துன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வந்ததில்லை."

கோலாலம்பூரில் இருக்கிற மற்றப் பிள்ளைகளெல்லாம் காற்பந்து ஆடுகிறார்கள். கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கு வந்த அமெரிக்கப் பாதிரி துரைக்கு மட்டும் பேஸ்பால்தான் ஆட்டம். உலக்கை மாதிரி ஒரு கட்டையைக் கொடுத்து உங்களையெல்லாம் ஓட விட்டார். கிள்ளானில் இருந்த அவருடைய சிநேகிதத் துரை அங்கேயும் ஓர் அணி சேர்த்தார். பிறகு இரண்டு துரைகளும் லீவில் கப்பலேறிப் போய்விட்டார்கள். போகும்போது நம் துரை சட்டப் புத்தகத்தை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிற மனிதருக்கு ஒரு சட்டப் புத்தகமும் ஒரு விசிலும் கிடைத்தால் என்ன ஆகும்? அன்றிலிருந்து அவர்தான் அம்பயர். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் விரலைத் தூக்கித் தீர்ப்புச் சொல்கிறார்.

அந்தக் குழியில் எனக்கும் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள திடலில் ஆட்டம் நடக்கும்போது நீங்களெல்லாம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பொம்பிளைகளுக்கு உங்கள் முதுகைக் காட்டுவீர்கள். முதுகைப் பார்க்கவா வெயிலில் வந்து உட்கார்ந்தோம் என்று முதலில் சத்தம் போட்டவள் நான்தான். துரை சிரித்துவிட்டு, அவர் ஊரில் ஆட்டக்காரர்கள் தரைக்குக் கீழே உட்காருவார்கள் என்றார். தண்டவாள வேலைக்காரர்கள் வந்து இடுப்பளவுக்கு இரண்டு குழி வெட்டினார்கள், ஓர் அணிக்கு ஒன்று. மழையில் மண் சரியாமல் இருக்க விளிம்பெல்லாம் செங்கல் பதித்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கா பஞ்சம்? புத்தகத்தில் அதற்கு டக்அவுட் என்று பேராம். நாங்கள் குழி என்றுதான் சொன்னோம். கோழிகள் அதில் விழுந்து ஏற முடியாமல் கத்தும். மழை பெய்தால் தவளை கத்தும். இப்போது அதைச் சுற்றி மனுஷர்கள் நீங்கள் கத்துகிறீர்கள்.

அன்றைக்குக் கிள்ளான்காரர்கள் காலை ரயிலில் வந்தார்கள். எஸ்தரின் அம்மா ஒரு தூக்குச் சட்டி நிறைய மீன் சம்பல் கொண்டுவந்தாள். எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விசிறினாள். எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது! கடைசிக் கட்டத்தில் நாம் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இன்னும் ஒருத்தன் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. கட்டையோடு நின்றவன் உன் சிநேகிதன் ரத்தினம். அவன் ஓங்கி அடித்த பந்து நேரே போகாமல் பக்கவாட்டில் ஏறி, கோட்டைத் தாண்டி, உங்கள் குழிக்கு மேலே வந்தது. கோட்டுக்கு வெளியே போகிற பந்தானாலும் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டில் சோறு பொங்க முடியாது என்பதால் எனக்கும் தெரியும். தானியேல் வானத்தைப் பார்த்தபடியே ஓடி வந்தான். குழி இருப்பதையே மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். குழி விளிம்பில் நின்று, எட்டி, கையுறையில் பந்தை வாங்கினான். வாங்கிய வேகத்தில் தலைகுப்புற உள்ளே சாய்ந்தான். பந்து அவன் கையிலேயே இருந்தது. உன் அப்பா ஓடி வந்து பார்த்துவிட்டு அவுட் என்றார். கிள்ளான்காரர்கள் குதித்தார்கள்.

அப்போதுதான் ரத்தினம் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைச் சொன்னான். "என்னடா சாமு, மச்சான் விழுந்துடக் கூடாதுன்னு தாங்கிப் புடிச்சியா? இன்னும் தாலியே கட்டலை, அதுக்குள்ள கிள்ளான் டீம்ல சேந்துட்டியே லா!"

குழியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் காது சிவந்ததை நான் பாயில் இருந்தபடியே பார்த்தேன். "நான் யாரையும் புடிக்கலை," என்று நீ கத்தினாய். "அவன் காலை உள்ள வெச்சான். கால் உள்ள பட்டா கேட்ச் இல்லை. இது அவுட்டே இல்லை!" உன் அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தீர்ப்புக் கொடுத்தாச்சு," என்றார். "அம்பயருக்குக் கண்ணு தெரியலை," என்று நீ எல்லார் முன்னாலும் சொன்னாய். பெற்ற அப்பனை, சம்பந்தி வீட்டார் நிற்கும்போது. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செந்தூலுக்குப் போய்விட்டாய்.

நீ போனதோடு சனியன் விட்டதா? உன் அப்பா சாக்கட்டியை எடுத்து என் சமையலறைத் தரையில் குழியின் விளிம்பை வரைந்திருக்கிறார். அதை அழிக்கக் கூடாதாம். அம்மிக்குப் போக வேண்டுமென்றால் நான் குழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களை நிற்க வைத்துத் தானியேலாக நடிக்கச் சொல்கிறார். நேற்றுப் பால்காரச் சிங் அகப்பட்டுக்கொண்டான். ஒரு கையில் பால் செம்போடு ஒற்றைக் காலில் நின்று அவன் முன்னால் சாய, உன் அப்பா குனிந்து அவன் கட்டைவிரலை ஆராய, பால் பாதி தரையில் போயிற்று. "கையை உள்ளே நீட்டலாம், காலை உள்ளே ஊன்றக் கூடாது, பிடிச்ச பிறகு விழுந்தா பரவாயில்லை," என்று புத்தகத்தைப் பார்த்து அவனுக்கு வாசித்துக் காட்டுகிறார். சிங்குக்குத் தமிழே அரைகுறை. பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிப்போனான். உனக்கும் அவருக்கும் ஒரே புத்தி. அவர் உன்னைத் திட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீ அவரைத் திட்டுவது போலவே இருக்கிறது.

இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். இருக்கிறார் என்பதே உனக்குப் பேச்சளவில்தான் தெரியும். உன் ஞானஸ்நானத்துக்கு அவர்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியது. அவர் வருவதற்குள் ஆராதனை தொடங்கிவிட்டது. தாமதமாக வந்தார் என்று உன் அப்பா சொன்னார். தன் கைக்கடிகாரப்படி தான் சரியான நேரத்துக்கு வந்ததாக அவர் சொன்னார். ஸ்டேஷன் கடிகாரந்தான் சரி என்று இவர். ஸ்டேஷன் கடிகாரத்துக்கே சாவி கொடுக்கிறவன் நான் என்று அவர். இரண்டு பேரும் ரயில்வேக்காரர்கள், மணி விஷயத்தில் எவர் விட்டுக்கொடுப்பார்? நீ தொட்டியருகில் வீறிட்டு அழுகிறாய், இவர்கள் கோயில் வாசலில் கடிகாரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு அவருக்குக் கிம்மாஸுக்கு மாற்றலாயிற்று. போகும்போது இவர் வழியனுப்பப் போகவில்லை. நான் போகச் சொன்னேன். அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

போன வருஷம் நீ சிங்கப்பூர் போகும்போது கிம்மாஸ் பிளாட்பாரத்தில் இறங்கிக் காப்பி குடித்தாயாமே? உன் பக்கத்தில் நின்று, உன்னிடம் சில்லறை இருக்கிறதா என்று ஒரு கிழவர் கேட்டாராம். நீ இல்லை என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாயாம். அது உன் பெரியப்பா. உன் முகத்தில் தன் தம்பியின் முகம் இருப்பதைப் பார்த்து, பேச்சுக் கொடுக்க வழி தெரியாமல் சில்லறை கேட்டிருக்கிறார். உன் பெரியம்மா இதை ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி, அவர் வந்து என்னிடம் சொன்னார். இதை உன் அப்பாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் எந்தக் கடிகாரத்தில் எத்தனை மணி என்று கேட்பாரோ என்று பயமாக இருக்கிறது. உன் பிள்ளைகள் கிள்ளான் ஸ்டேஷனில் தானியேலைப் பார்த்து யாரோ என்று ஒதுங்கிப் போக வேண்டுமா? அப்படித்தான் ஆகும். கால் பட்டதா படவில்லையா என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

கல்யாணம் என்பது என்ன என்று நினைத்தாய்? தினமும் காலையில் எழுந்தால் ஏதாவது ஒரு கால் ஏதாவது ஒரு கோட்டில் பட்டிருக்கும். நான் உன் அப்பாவோடு குடித்தனம் நடத்தியதில் யார் சொன்னது சரி என்று முடிவுகட்டாமலே விட்ட சண்டைகள்தான் அதிகம். முடிவுகட்டியே தீர வேண்டும் என்று நான் நின்றிருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய். சிரிக்காதே, நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் மகனே, உன் கோபம் தானியேல் மேல் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ரத்தினம் கேலி செய்ததுதான் உன்னைச் சுட்டது. பெண் எடுக்கிற வீட்டுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்று பயந்துவிட்டாய். அந்தப் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாய். சொன்னதைக் காப்பாற்ற அப்பாவைக் குருடர் ஆக்கினாய். அப்பாவைக் குருடர் ஆக்கியதைக் காப்பாற்ற ஓலையை நிறுத்தினாய். இனி அடுத்தது என்ன? ரத்தினமோ முந்தாநாள் இங்கே வந்து என் கையால் தோசை தின்றுவிட்டுப் போனான். "நான் சும்மா வாய்ச் சவடால் அடிச்சேன்மா," என்றான். "தோத்த கடுப்புலே சொன்னது. இவன் இதுக்குப் போயி கல்யாணத்தை நிறுத்துவான்னு யார் கண்டா? நான் வேணா வந்து கால்லே விழறேன்." அவனுக்கே மறந்துபோயிற்று. நீதான் தூக்கிக்கொண்டு திரிகிறாய்.

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதை நீயும் உன் அப்பாவும் ஒரு தடவையாவது யோசித்தீர்களா? குழிக்கு நேர் பின்னால். அம்பயர் நின்ற இடத்தைவிட அருகில். என்னை யாரும் கேட்கவில்லை. பொம்பிளைக்குப் பேஸ்பால் தெரியுமா என்ன? கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தானியேல் தலைகுப்புறச் சாய்ந்தபோது அவன் நெற்றி எதிர்ப்பக்கச் செங்கல் விளிம்புக்கு நேராக இருந்தது. எஸ்தரின் விசிறி நின்றுவிட்டது. குழியில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் பந்துக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். நீ மட்டும் முன்னால் வந்தாய். இரண்டு கையாலும் அவன் மார்பில் தாங்கி, உன் தோள்மேல் அவனைச் சாய்த்துக்கொண்டாய். உன் தொப்பி விழுந்தது, அதை மிதித்துக்கொண்டு நின்றாய். அவன் அவ்வளவு கனம், உனக்கு மூச்சு முட்டியது, ஆனாலும் நீ விடவில்லை. அவன் கால் பட்டதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்த நேரத்தில் நான் அவன் காலைப் பார்த்திருந்தால் நான் என்ன மனுஷி?

உன் அப்பா வாசிக்கிற அந்தச் சட்டத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் இருவரும் காலைப் பற்றிய வரியிலேயே நின்றுவிட்டீர்கள். நான் அவரை விடாமல் அடுத்த வரியையும் படித்துச் சொல்லச் சொன்னேன். விழப் போகிறவனைக் குழியில் இருப்பவர்கள் தாங்கிப் பிடித்தாலும் கேட்ச் செல்லும், தாங்கியவர் எந்த அணியாக இருந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறது. எந்த அணியாக இருந்தாலும்! அந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதியவனுக்கு, எதிராளி விழும்போது தன் தோல்வியைப் பார்க்காமல் கையை நீட்டுகிற பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. அவன் அதை ஒரு குற்றமாகவும் எழுதவில்லை. நீ பிறந்ததிலிருந்து உன்னால் எனக்குத் தலைவலி வந்த நாள்தான் அதிகம். அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே நான் யாரையும் பிடிக்கவில்லை என்று கத்தி அதைக் குழியில் போட்டு மூடிவிட்டாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

நேற்று எஸ்தர் வந்திருந்தாள். சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மத்தியான ரயிலில் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தரையில் இருந்த சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தாள். அதை மிதிக்காமல் சுற்றி வந்து உட்கார்ந்தாள். என்ன இருந்தாலும் இந்த வீட்டுக்கு ஏற்ற பெண்தான். ஆட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஒத்துக்கொள்வான் என்றும் சொல்லவில்லை.

"அண்ணன் வீட்டுக்கு வந்து, உன் மாப்பிள்ளைதான் என்னைத் தாங்கினாரு, இல்லாட்டி என் மண்டை போயிருக்கும்னு சொல்லிச்சு அத்தே," என்றாள். "எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம். ஆனா அவரு நான் புடிக்கவே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீங்க பின்னாடிதானே உக்காந்திருந்தீங்க? அவரு புடிச்சாரா இல்லையா?"

நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு அவளோடு வாழப் போகிறவன் நீ. நான் சொல்லி அவள் நம்பினால் அது மாமியார் கொடுத்த சாட்சி. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவனையே கேள் என்றேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எழுந்து, "கேக்குறேன் அத்தே. இல்லைன்னு சொன்னா, ரெண்டாவது ஓலையை நான் வாசிக்க விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு அவள் கிள்ளானிலிருந்து வருகிறாள். கோயில் வாசலில் நிற்பாள். நீ வா. உன் அப்பாவிடமும் தானியேலிடமும் எதுவும் பேச வேண்டாம். நேரே அவளிடம் போ. தானியேலின் கால் எங்கே இருந்தது என்று அவள் கேட்கப் போவதில்லை, சாமுவேல். உன் கை எங்கே இருந்தது என்றுதான் கேட்கப் போகிறாள்.